கல்லூரி பாதி, கோர்ட் பாதி: சிறிய அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு எல்.எல்.பி.

சிறிய அரசு சட்டக் கல்லூரி எப்படி இருக்கும் என்பது முதல் செமஸ்டரிலேயே தெரிந்துவிடும். நிரந்தர ஆசிரியர்கள் சிலர், கௌரவ விரிவுரையாளர்கள் சிலர். நூலகத்தில் நல்ல புத்தகம் ஒரே ஒரு பிரதிதான், அதையும் யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். யாரும் விரட்டிப் படிக்கச் சொல்வதில்லை. இந்தக் குறைகளையெல்லாம் ஈடுகட்ட ஒன்று இருக்கிறது: பக்கத்தில் உள்ள நீதிமன்றம். அதைப் பாடத்தின் பாதியாக எடுத்துக்கொள்கிறவர்கள் வக்கீலாக வெளியே வருகிறார்கள். மற்றவர்களுக்கு டிகிரி மட்டும் கிடைக்கிறது.

முதலில் வருகைப்பதிவு. அதிகம் பேர் அடிபடுவது இதில்தான். வக்கீல் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 2008 சட்டக் கல்வி விதிகளில் 12-வது விதி, ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் கேட்கிறது. மொத்தத்தில் 70 இருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. ஒரு பாடத்துக்கு 60 வகுப்பு நடந்தால் 42-ல் இருந்தாக வேண்டும். தக்க காரணம் இருந்தால் முதல்வர் விலக்கு தரலாம், ஆனால் அதற்கும் அந்தப் பாடத்தில் 65 சதவீதம், அதாவது 39 வகுப்பு, கூடவே எல்லாப் பாடமும் சேர்த்து 70 சதவீதம் தேவை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தினமும் முதல் மணி நேரம் தவறிப்போகும். மொத்தக் கணக்கில் 80 காட்டும், அந்த ஒரு பாடத்தில் 61-ல் நிற்கும். விதிப்படி முதல்வர் நினைத்தாலும் காப்பாற்ற முடியாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாடவாரியாக நீங்களே கணக்கு வையுங்கள். ஐந்தாவது வாரத்தில் அலுவலகப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செமஸ்டர் முடிவில் பட்டியல் ஒட்டிய பிறகு திருத்தம் கேட்டுப் பயனில்லை.

செய்முறைத் தாள்கள் நான்கு: வரைவு எழுதுதல், தொழில் ஒழுக்கம், மாற்றுமுறைத் தீர்வு (கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்ப்பது), மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றம்). நடுவில் உள்ள இரண்டையும் வகுப்புக்கு ஒழுங்காகப் போனாலே கடந்துவிடலாம். வரைவுத் தாளில் மனுக்கள் 15, பத்திரங்கள் 15, ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண், வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு 10. எல்லோரும் மாதிரி வரைவுகள் உள்ள ஒரே புத்தகத்தைப் பார்த்து எழுதுவதால் ஒரே தப்பு முப்பது நோட்டில் வரும். சொத்து விவரத்தில் பழைய பெயர் அப்படியே இருக்கும், வழக்குமூலம் (வழக்குக்குக் காரணமான நிகழ்வு) எழுந்த தேதி இருக்காது, மதிப்பீடும் கோர்ட் கட்டணமும் சொல்லும் பத்தி விட்டுப்போயிருக்கும், கடைசியில் கையெழுத்தோடு வரவேண்டிய, சொன்னது உண்மை என்று உறுதிகூறும் வெரிஃபிகேஷன் பத்தியே இருக்காது. பிராதில் (வாதி தாக்கல் செய்யும் வழக்கு மனுவில்) என்னென்ன இருக்க வேண்டும் என்பதை உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 7 விதி 1 வரிசையாகச் சொல்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு பிராதைச் சொந்தமாக எழுதிப் பாருங்கள். மீதி 14-ம் பிறகு கைக்கு வரும்.

மூட் கோர்ட் தாளின் கணக்கு இது: மூட் மூன்று, தலா 10, அதில் எழுத்துக்கு 5, வாதத்துக்கு 5. நீதிமன்றத்தில் விசாரணையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதற்கு 30. கட்சிக்காரர் நேர்காணல் இரண்டைப் பார்த்து எழுதுவதற்கு 15, வழக்கு ஆவணம் தயாரித்துத் தாக்கல் செய்வதைப் பார்த்து எழுதுவதற்கு 15. வைவா 10. இதில் விசாரணை பார்க்கும் 30 மதிப்பெண்ணைத்தான் ரொம்பப் பேர் கடைசி மாதத்தில் நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். வைவாவில் ‘அ.சா.ஆ.3 (அரசுத் தரப்புச் சான்றாவணம் 3) என்ன ஆவணம்?’ என்று ஒரு கேள்வி வந்தால் அத்தோடு சரி. அதைவிடப் பெரிய நஷ்டம், ஒரு வழக்கு எப்படி நகர்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு போய்விடுவது.

பார்க்கும் வழக்குகளில் உரிமையியல் ஒன்று, குற்றவியல் ஒன்று கட்டாயம். வழக்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. பாகப்பிரிவினை வழக்கை எடுக்காதீர்கள். பிரதிவாதி ஒருவர் இறந்தால் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும், இடைமனுவுக்கு மேல் இடைமனு வரும், உங்கள் படிப்பு முடிந்தாலும் வழக்கு முடியாது. பிராமிசரி நோட்டு (கடன் உறுதிச் சீட்டு) அடிப்படையிலான பண வழக்கு மாணவருக்கு ஏற்றது. வாதி, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், பிரதிவாதி என்று சாட்சிகள் குறைவு. ‘கையெழுத்து என்னுடையதல்ல’ என்ற ஒரே வாதத்தைச் சுற்றியே முழு வழக்கும் ஓடும். கையெழுத்து ஒப்புக்கொள்ளப்பட்டாலோ நிரூபிக்கப்பட்டாலோ செலாவணி முறிச் சட்டம் பிரிவு 118-ன் அனுமானம் வாதிக்குச் சாதகமாக வந்துவிடும், அதை உடைக்கும் பொறுப்பு பிரதிவாதியின் தலையில் விழும். புத்தகத்தில் ‘நிரூபிக்கும் சுமை மாறுகிறது’ என்று படித்தது குறுக்கு விசாரணையின் கேள்விகளில் தெரியும்.

குற்றவியலில் காசோலை வழக்கை எடுத்தால் சீக்கிரம் முடியும் என்பார்கள். ஆனால் அது தனிநபர் புகார். முதல் தகவல் அறிக்கை, போலீஸ் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் மகஜர், புலன் விசாரணை அதிகாரி எதுவும் இல்லாததால் பதிவேட்டில் பாதிப் படிகள் காலியாக நிற்கும். போக்சோ வழக்கு, குடும்ப நல வழக்கு பக்கம் போகவே வேண்டாம், அவை மூடிய அறையில் நடப்பவை. கவனக்குறைவால் மரணம் விளைவித்த வாகன விபத்து வழக்கு நல்ல அளவு: புகார்தாரர், நேரில் பார்த்தவர், பார்வை மகஜர் சாட்சி, மோட்டார் வாகன ஆய்வாளர், பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், கடைசியாகப் புலன் விசாரணை அதிகாரி. ஒவ்வொரு வகையிலும் மூன்று வழக்குகளைக் குறித்துக்கொண்டு தொடங்குங்கள். ஒன்று லோக் அதாலத்தில் சமரசமாகும், இன்னொன்றில் சாட்சி வராமல் வாய்தா ஓடும், மூன்றாவதுதான் கைகொடுக்கும். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்தால்தான் இது நடக்கும்.

கல்லூரியிலிருந்து அறிமுகக் கடிதம் ஒன்று வாங்கிக்கொண்டு, வெள்ளை கறுப்பு உடையில் போங்கள். கைபேசியை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காருங்கள், வக்கீல்களின் நாற்காலியில் அல்ல. அடுத்த வாய்தா தெரிய பெஞ்ச் கிளார்க்கை நச்சரிக்கத் தேவையில்லை. வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டால் இ-கோர்ட்ஸ் செயலியில் தேதியும் நிலையும் தெரியும். ஆனால் அன்றைக்கு விசாரணை நடக்குமா என்பதை வழக்கு நடத்தும் ஜூனியர் வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். இரண்டு முறை மரியாதையாகக் கேட்டவருக்கு மூன்றாம் முறை அவரே வழக்குக் கட்டைப் பிரித்துக் காட்டுவார்.

உரிமையியல் கோர்ட்டில் முதல் நாள் ஏமாற்றமாக இருக்கும். சாட்சி தன் தரப்புக்காகச் சொல்லும் முதல் விசாரணை இப்போது நிரூபண வாக்குமூலமாக எழுத்தில் தாக்கலாகிறது. சாட்சி கூண்டில் ஏறுவார், ஆவணங்கள் வா.சா.ஆ.1, வா.சா.ஆ.2 (வாதி தரப்புச் சான்றாவணம் 1, 2) என்று குறியீடு செய்யப்படும், குறுக்கு விசாரணைக்கு வாய்தா. ஐந்து நிமிடம்தான். ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று எழுதிவிட்டு வராதீர்கள். எந்த ஆவணம், அசலா நகலா, எதிர்த்தரப்பு ஆட்சேபித்ததா, நீதிபதி என்ன சொன்னார் என்ற நான்கும் அன்றைய பதிவு.

குறுக்கு விசாரணையில் காது பழக ஒரு வாரம் ஆகும். சாட்சியத்தில் ‘நான் விபத்தை நேரில் பார்க்கவில்லை என்றால் சரியல்ல’ என்று தட்டச்சாகும். இதைச் சாட்சி தானாகச் சொன்ன வாக்கியமாக எடுத்து, ‘சாட்சி விபத்தைப் பார்க்கவில்லை’ என்று எழுதிய பதிவேடுகள் உண்டு. நடந்தது நேர் எதிர். வக்கீல் ஒரு யோசனையை முன்வைக்கிறார், சாட்சி மறுக்கிறார். யோசனையை முன்வைக்காமல் விட்டால் பிறகு அந்த வாதத்தை எடுப்பது கஷ்டம், அதனால்தான் மறுப்பு வரும் என்று தெரிந்தே கேட்கிறார்கள். இன்னொரு வரி: ‘போலீஸ் விசாரணையில் நான் அவ்வாறு சொல்லவில்லை என்றால் சரியல்ல.’ இது வந்ததும் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். சாட்சி போலீசில் சொன்னதற்கும் கோர்ட்டில் சொல்வதற்கும் உள்ள முரண்பாடு அதோடு நிரூபணமாகிவிடாது. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி கூண்டில் ஏறும்போது அவரிடமும் கேட்டு வாங்க வேண்டும். எதிரித் தரப்பு (குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு) வக்கீல் அதை மறக்காமல் கேட்கிறாரா என்று பாருங்கள். சில வழக்குகள் அந்த ஒரு இடத்தில்தான் நிற்கின்றன, விழுகின்றன.

இப்போது படிக்கிறவர்களுக்கு இரட்டை வேலை. 1.7.2024 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் மூன்றும் நடைமுறைக்கு வந்துவிட்டன. வகுப்பில் பாரதிய நியாய சன்ஹிதா, கோர்ட்டில் நடக்கும் பழைய வழக்கில் இந்திய தண்டனைச் சட்டம். எந்தத் தண்டனைச் சட்டம் என்பதைக் குற்றம் நடந்த தேதி தீர்மானிக்கும். எந்த நடைமுறைச் சட்டம் என்பதற்கு, 1.7.2024 அன்று விசாரணை ஏற்கெனவே நிலுவையில் இருந்ததா என்று பார்க்க வேண்டும். பிரிவு எண்களை இரட்டையாக மனப்பாடம் செய்வது மட்டும் போதாது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கான பழைய 304ஏ பிரிவுக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, அதனால் அது சம்மன் வழக்கு (எளிய நடைமுறையில் விசாரிப்பது), முறையான குற்றச்சாட்டு வனைவது கிடையாது. புதிய 106(1)-க்கு 5 ஆண்டு வரை, எனவே வாரண்ட் வழக்கு (2 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ளது), குற்றச்சாட்டு வனைந்தாக வேண்டும். தண்டனையில் ஒரு எண் மாறியதால் விசாரணையின் படிகளே மாறிவிட்டன. இதை விளக்கத் தெரிந்த மாணவரிடம் வைவாவில் இரண்டாவது கேள்வி கேட்பதற்கு அவசியம் இருக்காது.

மூட் விஷயத்தில் ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறோம்: திறந்து படிக்காத தீர்ப்பை மேற்கோள் காட்டாதீர்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசம், சட்டங்கள் இந்தியா கோட் தளத்தில் இலவசம். நூலகம் சிறியது என்பது இன்றைக்குக் காரணமாகாது. தீர்ப்பைப் படிக்கும்போது எந்த உண்மை மாறியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று தேடுங்கள். லால்மன் சுக்லா எதிர் கௌரி தத், 1913, அலகாபாத். காணாமல் போன பையனைத் தேட வேலையாளை அனுப்புகிறார்கள். அவர் போன பிறகு, கண்டுபிடித்தால் 501 ரூபாய் பரிசு என்று அறிவிக்கிறார்கள். அறிவிப்பு தெரியாமலே அவர் பையனைக் கண்டுபிடிக்கிறார், பிறகு பரிசு கேட்டு வழக்குப் போட்டுத் தோற்கிறார். ‘முன்மொழிவு தெரியாமல் ஏற்பு இல்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இன்னொரு காரணமும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது: தேடுவது ஏற்கெனவே அவர் வேலையின் கடமை. மூட் பிரச்சினையில் அறிவிப்பைப் படித்துவிட்டுத் தேடிய ஒரு வேலையாளைக் கொடுத்தால், ஒரு வரியோடு வந்தவர் திணறுவார். இரண்டு காரணமும் தெரிந்தவர் வாதத்தைக் கடமை என்ற பக்கம் திருப்பிவிடுவார். பெஞ்ச் கேள்வி கேட்டால் முதலில் ஆம் அல்லது இல்லை, பிறகு விளக்கம். ‘அதற்குப் பிறகு வருகிறேன்’ என்று சொன்னால் மதிப்பெண் போய்விடும்.

தேர்வில் பிரச்சினை வகைக் கேள்விக்கும் இதே முறைதான்: எழுவினா (தீர்க்க வேண்டிய கேள்வி), சட்டப்பிரிவு, இந்த உண்மைகளுக்கு அது எப்படிப் பொருந்துகிறது, முடிவு. மூன்றாவதை ஒரு வரியில் விட்டுவிட்டுப் பிரிவை ஒரு பக்கம் எழுதுவதுதான் அரியர் விழும் வழி. தமிழில் எழுதுகிறவர்கள் ஒரே சொல்லுக்குப் பக்கத்துக்குப் பக்கம் வேறு மொழிபெயர்ப்பு போடாதீர்கள். பாடத்துக்கு ஐம்பது சொல் கொண்ட ஒரு சொல்பட்டியலை முதல் மாதத்திலேயே எழுதி வைத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

இன்டர்ன்ஷிப் மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரம். எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது என்பதால், கடைசி விடுமுறையில் மொத்தமாக முடித்துவிடலாம் என்ற திட்டம் பலிக்காது. ஆண்டுக்கு நான்கு வாரம் என்று பிரித்தால் சரியாக வரும். விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் ஆஜராகும் வக்கீல்களிடம் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும். சான்றிதழில் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, வக்கீலின் பதிவு எண் மூன்றும் இருக்கிறதா என்று அவர் அலுவலகத்தை விட்டு இறங்கும் முன்பே பாருங்கள். டைரியில் அன்றாடம் கையெழுத்து வாங்குங்கள். சீனியர் ஊரில் இல்லாத நாளில் முப்பது கையெழுத்து தேடி அலைந்தவர்கள் அதிகம்.

முடித்ததும் பதிவு. வக்கீல் சட்டம் பிரிவு 24-ல் சொன்ன கட்டணத்துக்கு மேல் பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 30.7.2024 அன்று தீர்ப்பளித்தது: பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். பணத்துக்காகப் பதிவைத் தள்ளிப்போட்டவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அடுத்து அகில இந்திய பார் தேர்வு: 100 கேள்வி, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாத சட்டப் புத்தகம்) கொண்டுபோகலாம், ஆனால் அதில் குறிப்பு எதுவும் எழுதியிருக்கக் கூடாது. மூன்று வருடமாக ஓரமெல்லாம் கிறுக்கிப் படித்த பிரதி அன்றைக்கு உதவாது. முக்கியச் சட்டங்களுக்கு மட்டும் கைபடாத இன்னொரு பிரதி வாங்கி வைத்து, கடைசி ஒரு மாதம் அதிலேயே பிரிவுகளைப் புரட்டித் தேடிப் பழகுங்கள்.