மட்டக்களப்புல ஒரு எம்ஜி மிட்ஜெட்: எஞ்சினுக்குப் பயப்பட வேணாம், தகரத்தப் பாருங்க

பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கன் எண்டு சொன்னா ஆக்கள் முதல்ல கேக்கிறது "பாட்ஸ் எங்க எடுக்கிற?" எண்டுதான். அடித்தகரம் எப்பிடி இருக்கு எண்டு ஒருத்தரும் கேக்கிறல்ல. ஆனா நம்ம கடற்கரைப் பக்கத்துல கார் இருக்குமா இல்லையா எண்டத முடிவு பண்றது அந்தத் தகரம்தான். பாட்ஸ் கேள்விக்கு நம்ம நாட்டுல எப்பவோ பதில் கிடைச்சிட்டு, மொரிஸ் மைனர்.

என்ட கார் 1965 மிட்ஜெட், மார்க் 2. ரெண்டு சீட், துணிக் கூரை, சிவப்பு. கல்லடிப் பாலத்தால போகக்குள்ள மோட்டசைக்கிள்ல வாற பொடியன்மார் போனத் தூக்கி வீடியோ எடுப்பாங்க. ஆனா பொனட்டத் திறந்தா உள்ளுக்குக் கிடக்கிறது அந்தக் காலத்துல நம்ம ஊர் டாக்குத்தர்மாரும் வாத்திமாரும் ஓடின மைனர்ட அதே ஏ-சீரிஸ் எஞ்சின்தான். 1952ல ஒஸ்டின் கம்பனியும் மொரிஸையும் எம்ஜியையும் வச்சிருந்த நஃபீல்ட் கம்பனியும் சேந்து பீஎம்சி எண்டு ஒண்டாச்சு, மறுகா ஒரே எஞ்சின சின்னச் சின்ன மாத்தத்தோட கன கார்களுக்குப் போட்டாங்க. 1962க்குப் பிறகு வந்த மைனர் 1098 சிசி, என்டயும் 1098 சிசி. மைனருக்கு ஒரு கபுரேட்டர், 48 குதிரைவலு. மிட்ஜெட்டுக்கு ரெண்டு எஸ்யூ கபுரேட்டர், ஹெட்டும் கொஞ்சம் வேற, அதால 59. ஸ்டியரிங் ரேக் கூட மைனர் வழி வந்ததுதான்.

அதனால கெஸ்கெட்டோ வோட்டர் பம்போ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியோ தேவப்பட்டா கொழும்புல பழைய பாட்ஸ் விக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் "மைனருக்கு" எண்டு கேட்டாச் சரி, எம்ஜி எண்ட பேரையே எடுக்கத் தேவல்ல. நம்ம நாட்டுக்கு மைனரோட அவ்வளவு பழக்கம், காலியில மைனருக்கு பொடிப் பாகங்கள் அடிச்சு இங்கிலாந்துக்கே அனுப்பின காலமும் இருந்திச்சு. முன் டிஸ்க் பிரேக் சாமான் மட்டும் மைனர்ல இல்ல, அத வெளியில இருந்துதான் எடுக்கணும், அதுல காசு பாக்காதீங்க.

இப்ப தகரத்துக்கு வாறன். இந்தக் காருக்கு லொறி மாதிரித் தனி செசி இல்ல, பொடியே செசி. மேல கூரையும் இல்லாததால முன்னயும் பின்னயும் பிடிச்சு வச்சிருக்கிறது கதவுக்குக் கீழ நீளத்துக்கு ஓடுற சில் தகரமும் ரெண்டு சீட்டுக்கும் நடுவால மேடாப் போற டனலும் தரையும்தான். சில் உள்ளுக்குக் கூடு, தண்ணி போக அடியில சின்ன ஓட்டை வச்சிருப்பாங்க, அது மண்ணால அடைபட்டா மாரியில ஏறின தண்ணி அப்பிடியே நிண்டு உள்ளுக்குள்ளால தின்னும். ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் கடல், வாடைக்காத்து உப்பக் கொண்டந்து அப்பிற இடத்துல சொல்லவா வேணும். வெளியால பெயின்ட் பளபளக்கும், உள்ளுக்கு ஒண்டும் இராது.

வாங்க முதல் இப்பிடிப் பாருங்க. கதவு சாத்தி இருக்கக்குள்ள சுத்தி இருக்கிற இடைவெளியப் பாத்துட்டு, கார ஜக்கால தூக்கிட்டுத் திரும்பப் பாருங்க. இடைவெளி நெருங்கினா, இல்ல கதவு இறுகித் திறக்க ஏலாமப் போனா, சில் போயிட்டு. பின்னால ஸ்பிரிங் வந்து பொடியில பிடிக்கிற இடத்தையும் ஒரு ஸ்குரூ டிரைவரால நல்லாக் குத்திப் பாக்கணும்.

என்ட கார்ட இடது சில் சரியான மோசம். பாத்த கனபேர் சொன்ன யோசனை ஃபைபர். வாழைச்சேனைப் பக்கம் போட் செய்ற ஆக்கள் எவ்வளவு திறமான வேலக்காரர் எண்டு எனக்கும் தெரியும், அவங்க ஒட்டிக் குடுத்தா பாக்க வடிவாத்தான் இருக்கும். ஆனா அழுகின தகரத்துக்கு மேல ஃபைபர் ஒட்டினா அது மூடி மட்டும்தான், பாரம் தாங்குற வேலய அது செய்யாது, உள்ளுக்கு இரும்பு தொடந்து கரையும், ஒரு நாள் குழியில விழுந்தா கார் நடுவால மடங்கப் பாக்கும். காத்தான்குடியில டிங்கரிங் செய்ற காக்கா ஒருத்தர்தான் கார் அடியில படுத்துப் பாத்துட்டு வந்து சொன்னார், "தம்பி, இத வெட்டித்தான் எடுக்கணும், ஆனா வெட்ட முதல் கதவு வாசலுக்குக் குறுக்கால இரும்பு அடிச்சுப் பிடிக்கணும், இல்லாட்டி உங்கட கார் வாழைப்பழம் ஆயிரும்." அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. கதவக் கழட்டி, வாசலுக்குக் குறுக்கால பைப் வெல்ட் பண்ணி, கார் நேரா நிக்குதா எண்டு மூலைக்கு மூலை அளந்து, மறுகாதான் கிரைண்டர் வச்சார். ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரம் வெட்டவும் இல்ல, ஒண்ட முடிச்சுத்தான் மற்றது. புதுத் தகரம் உள்ளடுக்கு, வெளியடுக்கு ரெண்டும் கையால மடிச்சது. மூட முதல் உள்ளுக்குப் பிரைமர், மூடின பிறகு ஓட்டையால வேக்ஸ் அடிச்சது. அந்த மனுசன்ட கைவேலக்கு நான் எவ்வளவு குடுத்தாலும் காணாது.

கழுவுறதப் பத்தியும் ஒண்டு. கல்லடி, நாவலடிப் பக்கம் சில கிணத்துத் தண்ணி உவர். அதால அடிய அடிச்சுக் கழுவுறது உப்பக் கழுவ உப்பயே ஊத்துற வேல. குழாய்த் தண்ணியால கழுவுங்க. கழிவு ஒயில் அடிக்கிற பழக்கத்தையும் விடுங்க, ரப்பர் புஷ் எல்லாம் ஊதிப் போகும்.

மாத்தங்கள் எண்டு வந்தா என்ட நிலைப்பாடு, இந்த ஊர்ச் சூடும் உப்பும் கேக்கிறத மட்டும் செய்யலாம், மற்றதக் கை வைக்கத் தேவல்ல. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல காத்தான்குடி நெரிசல்ல ஊந்து ஊந்து போகக்குள்ள சூடு ஏறத்தான் செய்யும், அதனால ரேடியேட்டர் கோர் புதுசு, ஒரு எலெக்ட்ரிக் ஃபேன். அதுக்கும் முதல் பிளொக்க நல்லா ஃபிளஷ் பண்ணணும், பின் சிலிண்டரச் சுத்திச் சேறு படிஞ்சு கிடந்தா எந்த ரேடியேட்டரும் உதவாது. ஏ-சீரிஸ்ல கபுரேட்டரும் எக்ஸோஸ்டும் ஒரே பக்கம், பெற்றோல் கொதிச்சு நிண்டுரும், இடையில இருக்கிற சூட்டுத் தகரத்தக் கழட்டி எறிஞ்சிருந்தா திரும்பப் போடுங்க. 2002ல ஈயம் கலந்த பெற்றோல் நிண்டதால ஹெட் இறக்கக்குள்ள, சீட் தேயாம இருக்க, எக்ஸோஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் போட்டுட்டா நிம்மதி. ரெண்டு கபுரேட்டரையும் சமப்படுத்த மெசின் தேவல்ல, ஒரு துண்டு ரப்பர் ஹோஸ ஒரு வாயில வச்சு மற்ற நுனியக் காதுல வச்சா இரைச்சல் ரெண்டுலயும் ஒரே அளவா எண்டு விளங்கும்.

வயரிங்ல கவனம். 1967 வரைக்கும் இந்தக் கார்கள் பொசிட்டிவ் எர்த், பற்றரிட பிளஸ்தான் பொடிக்கு. தெரியாத ஆள் பற்றரிய வழக்கம் போல மாட்டினா சேதம்தான். நான் நெகட்டிவ்க்கு மாத்தி, டைனமோ இடத்துல அல்டர்னேட்டர் போட்டன், ஹெட்லைட்டுக்கு ரிலே, ஒரிஜினல்ல இருக்கிற ரெண்டே ரெண்டு ஃபியூஸுக்குப் பதிலா ஒரு ஃபியூஸ் பெட்டி. இந்தக் கார்கள்ட கரண்ட் சாமான் செஞ்ச கம்பனி லூக்காஸ், "லூக்காஸ் எண்டாலே கரச்சல்" எண்டு சொல்றவங்க கனபேர், உண்மையில பாதிப் பிரச்சின எர்த் பிடிக்கிற இடத்துல உப்புப் பூத்ததுதான், சுரண்டி கிறீஸ் வச்சு இறுக்கினா லைட் பத்தும்.

ஜப்பான் எஞ்சின் போடுங்க எண்டு சொல்றவங்களுக்கு, வேணாம். மவுண்ட் வெட்டணும், டனல் வெட்டணும், நான் மேல சொன்ன பாரம் தாங்குற தகரத்தத்தான் வெட்டப் போறீங்க, பிறகு கார்ட பதிவுப் புத்தகத்துல எஞ்சின் நம்பரும் மாத்தணும். மட்டக்களப்புல இருந்து கல்முனை வரைக்கும் ஒரு மேடு கிடையாது, நாலு கியர் தாராளம். ஒயில் சொட்டுது எண்டதும் ஒரு காரணம் இல்ல, இந்த எஞ்சின்ட பின் பக்கம் கிராங்க்ல ஒயில் சீலே இல்ல, திருகு வெட்டுத்தான் ஒயிலத் திருப்பி அனுப்புது, பிரீதர் பைப் அடைபடாமப் பாத்தாக் கொஞ்சம்தான் சொட்டும்.

அம்பாறை, அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கம் இன்னும் ஒண்டு ரெண்டு மிட்ஜெட், அதுட சோடிக் காரான ஒஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் கிடுகுக் கொட்டிலுக்குள்ள கிடக்கிறதாக் கேள்வி. உங்கட வீட்டுல இருந்தா தயவு செஞ்சு இரும்புக்காரருக்கு எடைக்குக் குடுக்காதீங்க, எனக்குச் சொல்லுங்க, வந்து பாத்துத் தாறன், காசு வேணாம். நான் வாற வரைக்கும் பற்றரி மாட்டி ஸ்டார்ட் பண்ணவும் வேணாம், நாலு பிளக்கையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் கொஞ்சம் ஒயில் விட்டு ஒரு கிழமை அப்பிடியே விட்டு வைங்க, எஞ்சினச் சுத்த வச்சுப் பாக்கிறத ரெண்டு பேருமாச் சேந்து கையாலயே செய்வம்.