பலாப் பலகையில் ஓர் எலெக்ட்ரிக் கிட்டார்: பட்டறை நாட்குறிப்பு

ஆகஸ்ட் 18

பழைய வீடு ஒன்றைப் பிரித்தபோது கிடைத்த பலாப் பலகை இரண்டு, நாற்பத்தைந்து மில்லிமீட்டர் கனத்தில் இழைக்கப்பட்டு இன்று வீட்டுக்கு வந்தன. தஞ்சாவூரில் வீணை செய்வோர் நம்பும் மரம் என்பதாலும், பல ஆண்டு காய்ந்து இனிமேல் வளைய வாய்ப்புக் குறைவு என்பதாலும் இதையே உடலுக்குத் தேர்ந்தேன். 1950இல் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்து, பின்னர் டெலிகாஸ்டர் எனப் பெயர் பெற்ற தட்டையான வடிவத்தையே செய்யப்போகிறேன். மேற்பரப்பில் வளைவுகள் இல்லாததால், கைக்கருவிகளோடு வீட்டில் வேலை செய்பவருக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்பது என் எண்ணம்.

செப்டம்பர் 1

இரு பலகைகளையும் ஒட்டி உருவம் வெட்டியாயிற்று. கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் பிக்கப்புக்கான குழியை ரூட்டர் என்ற மரம் குடையும் கருவியால் குடைந்தபோது ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது. அதையே தேடியெடுத்து ஒட்டிவிட்டேன்.

செப்டம்பர் 15

இன்று முழுவதும் கழுத்தின் முகப்பான ஈட்டி மரப் பலகையில் ஃபிரெட் கோடுகள், அதாவது வீணையின் மெட்டுகளைப் போன்ற உலோகக் கம்பிகளைப் பதிக்கும் வெட்டுகள். கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து உடலில் தாங்கும் பிரிட்ஜ் வரை 648 மில்லிமீட்டர் நீளம், அதை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட் 36.37இல் விழும், மீதி நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்துக்கொண்டே போனால் பன்னிரண்டாவது சரியாக 324இல் வந்து நிற்கும். எல்லா அளவையும் நட்டிலிருந்தே வைக்க வேண்டும். முந்தைய கோட்டிலிருந்து அளந்தால் சிறு பிழைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

ஏழாவது கோட்டில் வாள் அரை மில்லிமீட்டர் விலகியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் அது ஏறத்தாழ இரண்டு சென்ட், அதாவது அரைச்சுரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. பெரும்பாலான காதுகளுக்குத் தெரியாது. வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்திருப்பதால் சுருதி பிசகினால் மெழுகை இளக்கி நகர்த்திக்கொள்ளலாம், கிட்டாரில் வெட்டியது வெட்டியதுதான். அதனால் மனம் ஒப்பாமல், ஈட்டித் தூளையும் பசையையும் குழைத்து அடைத்துவிட்டு, காய்ந்ததும் மறுபடி அறுத்தேன்.

அக்டோபர் 2

உப்புத்தாள் 120இல் தொடங்கி 320 வரை. ஒவ்வொரு கட்டத்திலும் ஈரத்துணியால் துடைத்து, எழும்பிய நாரைக் காயவிட்டுத் தேய்த்தேன். கண்ணுக்குத் தெரியாத மேடுகள் விரல் நுனிக்குத் தெரிகின்றன.

அக்டோபர் 9

அவலரக்கு பூசத் தொடங்கினேன். ஜார்க்கண்ட் காடுகளில் பூச்சிகள் மரக்கிளையில் சுரக்கும் அரக்கு, மெழுகு நீக்கிய செதில்களாகக் கடையில் கிடைக்கிறது. நூறு மில்லி ஸ்பிரிட்டில் இருபது கிராம் வீதம் இரவே ஊறவைத்திருந்தேன். பஞ்சை உள்ளே வைத்துப் பழைய வேட்டித் துணியால் சுற்றிய பொட்டலத்தை அதில் நனைத்து, அடியில் ஒரு சொட்டு பாரஃபின் எண்ணெய் தொட்டு, எட்டு எண் வடிவில் ஓட்ட வேண்டும். தோசைக்கல்லில் மாவைச் சுழற்றும் கை நடுவில் நின்றால் மாவு கிழிவதைப் போல, பொட்டலம் ஒரு கணம் தயங்கினாலும் அடியிலுள்ள பூச்சு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருகிறது. முப்பது நிமிடத்தில் தோள் வலித்தது, ஆனால் பலாவின் மஞ்சள் தேன் நிறமாக ஆழ்ந்தது.

பாலியூரித்தேன் தெளித்திருந்தால் இதைவிடக் கடினமான பூச்சு ஒரே நாளில் கிடைத்திருக்கும். கீறல் விழுந்தால் புதிய அரக்கு பழையதைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும் என்பதற்காகவே இந்த வழியை எடுத்தேன்.

அக்டோபர் 17

இரண்டு நாள் அடைமழைக்கிடையே பொறுமையின்றி மேலும் இரண்டு பூச்சுக் கொடுத்தேன். காலையில் உடலின் கீழ்ப்பாதி முழுவதும் பால் படிந்தது போல வெளுத்திருந்தது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. தெருமுனையில் கதவுகளுக்கு பாலிஷ் போடும் பெரியவரிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “மழை விடுறவரைக்கும் கை வைக்காதீங்க தம்பி, சென்னையில ஐப்பசியும் கார்த்திகையும் பாலிஷுக்கு ஆகாது,” என்றார். துணியால் மூடி அலமாரிக்குமேல் வைத்துவிட்டேன்.

ஜனவரி 5

காய்ந்த நண்பகலில் பொட்டலத்தில் ஸ்பிரிட்டை மட்டும் லேசாகத் தொட்டு வெளுப்பின்மேல் ஓட்டினேன். நான்காவது முறை ஓட்டியபோது வெண்மை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கி மறைந்தது. அடியில் மரத்தின் வரிகள் அப்படியே இருந்தன. அதன்பின் மெல்லிய பூச்சுகள் ஆறு.

ஜனவரி 26

கழுத்தைப் பொருத்தி, ஒலியளவையும் தொனியையும் கூட்டிக் குறைக்கும் 250 கிலோ ஓம் திருகுகளும் (பொட்) 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் பற்றவைத்தேன். ஆம்ப்ளிஃபையரில் செருகியதும் ஒரே இரைச்சல். பிரிட்ஜுக்குப் போக வேண்டிய எர்த் கம்பியை விட்டிருந்தேன். அதைச் சேர்த்தபின் ஒலி தெளிந்தது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் மூன்றாம் கம்பி மட்டும் இன்னும் சுருதி ஏறிக் கேட்கிறது. பிரிட்ஜில் அந்தக் கம்பி அமரும் சேடிலை நாளை திருகாணியால் அரைச் சுற்று பின்னுக்குத் தள்ள வேண்டும்.