புரொஃபைலிங் கட்டுரை: 16 மதிப்பெண்ணில் 10 எங்கே இருக்கிறது?

பிரிட்டனில் ஏகியூஏ வாரியத்தின் ஏ-லெவல் உளவியல் எழுதுபவர்கள், மூன்றாம் தாளின் குற்றவியல் உளவியல் பகுதியில் ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். புரொஃபைலிங் என்றால், குற்றத்தின் விவரங்களை வைத்து அதைச் செய்தவர் எப்படிப்பட்டவர் என்று சித்திரம் தீட்டுவது. 16 மதிப்பெண் கட்டுரையில் விவரிப்புக்கு 6தான், மீதி 10 மதிப்பீட்டுக்கு. தொடர் கொலையாளிகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கை நிற்காது. ஆனால் அந்தக் கதைக்கு மதிப்பெண் கிடையாது.

எஃப்.பி.ஐ.யின் டாப்-டவுன் முறையை, அதாவது முன்பே வகுத்த வகைகளில் குற்றத்தைப் பொருத்தும் முறையை, விவரிக்க ஐந்தாறு வரி போதும். சிறையில் இருந்த 36 பாலியல் கொலையாளிகளைப் பேட்டி கண்டார்கள். அதிலிருந்து திட்டமிட்டவர், திட்டமிடாதவர் என்ற இரு வகைகள் பிறந்தன. தகவல் திரட்டல், குற்றம் நடந்த இடத்தை வகைப்படுத்தல், நடந்ததை மறுகட்டமைத்தல், குற்றவாளியின் சித்திரம் தீட்டல் என்று நான்கு படிகள்.

சறுக்குவது விமர்சனத்தில். "மாதிரி சிறியது" என்று எழுதி நிறுத்தினால் அது வெறும் குறிப்பு. ஏன் சிக்கல் என்பதையும் எழுதுங்கள்: 36 பேரும் பிடிபட்டவர்கள், பேச ஒப்புக்கொண்டவர்கள், தங்கள் குற்றத்தைத் தாங்களே விவரித்தவர்கள். அவர்களில் பலருக்கு ஏமாற்றுவது கைவந்த கலை. அந்த வாய்மொழியை நம்பிக் கட்டிய வகைப்பாடு, இன்னும் பிடிபடாத ஒருவருக்கு எப்படிப் பொருந்தும்? அடுத்த வரியிலேயே பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கான்டர் குழுவின் 2004 ஆய்வு வரட்டும். 100 அமெரிக்கத் தொடர் கொலைகளை 39 கூறுகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திட்டமிடலின் அடையாளங்கள் பெரும்பாலான கொலைகளில் இருந்தன. திட்டமிடாதவர் என்ற வகை தனியாகத் திரளவே இல்லை.

பாட்டம்-அப் முறை முன்வகுத்த வகைகள் இல்லாமல் குற்ற விவரங்களிலிருந்தே சித்திரத்தைக் கட்டுவது. அதில் வரும் வட்டக் கோட்பாட்டைப் படிப்பதைவிட வரைந்து பாருங்கள். ஒருவர் குற்றம் செய்த இடங்களாகத் தாளில் ஆறு புள்ளிகள் வையுங்கள். ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் உள்ள இரண்டை இணைத்து, அந்தக் கோட்டை விட்டமாக வைத்து வட்டம் போடுங்கள். குற்றவாளியின் வீடு உள்ளே இருக்கும் என்பது கணிப்பு. கான்டரும் லார்க்கினும் 1993இல் 45 பாலியல் குற்றவாளிகளை ஆராய்ந்தபோது 87 சதவீதத்தினருக்கு இது சரியாக இருந்தது. இப்போது இணைத்த இரண்டு புள்ளிகளில் ஒன்றை அழியுங்கள். வட்டம் வேறு இடத்துக்குப் போய்விடும். புகாராகாத ஒரே ஒரு குற்றம் செய்யும் வேலை அது. வெளியூர் போய்க் குற்றம் செய்பவரிடமும் இந்த வட்டம் பலிக்காது.

லண்டனில் தொடர் பாலியல் வன்முறையும் கொலைகளும் செய்த ஜான் டஃபியின் வழக்கு கட்டாயம் வேண்டும், ஆனால் சரியாக. 1986இல் கான்டரின் சித்திரம் அவரைக் "கண்டுபிடித்தது" என்று எழுதாதீர்கள். அவர் பெயர் காவல்துறையின் நீண்ட சந்தேகப் பட்டியலில் ஏற்கெனவே இருந்தது. சித்திரம் கவனத்தை அவர் பக்கம் திருப்பியது.

அதற்கு எதிர்முனையில் 1992 விம்பிள்டன் காமன் கொலையை வையுங்கள். சித்திரத்துக்குப் பொருந்தினார் என்பதற்காக நிரபராதி ஒருவரைக் காவல்துறை ரகசியமாக வலைவிரித்துச் சிக்க வைத்தது. 1994இல் நீதிபதி அந்தச் சாட்சியத்தை ஏற்க மறுத்தார். 2008இல்தான் உண்மைக் கொலையாளி ராபர்ட் நாப்பர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இதோடு புரொஃபைலிங் பயன்பட்டதா என்று காப்சன் நடத்திய 1995 கணக்கெடுப்பைச் சேர்த்தால் வாதம் வலுக்கும்: காவல்துறையினரில் 83 சதவீதம் பேர் சித்திரம் உதவியது என்றார்கள், குற்றவாளி அடையாளம் காணப்பட்டதோ சுமார் 3 சதவீத வழக்குகளில்.

நேரம் 20 நிமிடம். ஏழாவது நிமிடத்தில் விமர்சனத்துக்குள் நுழைந்துவிடுங்கள். கேள்வியில் ஒரு சம்பவம் கொடுத்திருந்தால் கணக்கு விவரிப்புக்கு 6, சம்பவத்தோடு பொருத்துவதற்கு 4, மதிப்பீட்டுக்கு 6 என மாறும். அந்த 4 மதிப்பெண் சம்பவத்தில் உள்ள விவரங்களைத் தொட்டு எழுதினால் மட்டுமே.