பெயர் தெரிய ஐந்து வாரம்

மகளுக்கு அப்போது 7 வயது. தலை வலிக்கிறது என்று மதியம் படுத்தவள், மாலையில் எழுப்பினால் எழவில்லை. வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. அவசர சிடி ஸ்கேனில் மூளையின் இடது முன்பக்கத்தில் ரத்தக் கசிவு. பிறவியிலேயே ரத்தக் குழாயில் கோளாறு இருந்து வெடித்திருக்கும் என்றார்கள். அன்றிரவே அறுவை சிகிச்சை. புற்றுநோய் என்ற பேச்சே அப்போது எழவில்லை.

மறுநாள் காலை அறுவை மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ரத்தக் கட்டோட கொஞ்சம் சதையும் வந்துச்சு. பார்க்க எனக்குத் திருப்தியா இல்லை, பயாப்சிக்கு அனுப்பியிருக்கேன்" என்றார். இவளுக்கு இருந்தது போன்ற மூளைக்கட்டிகள் பல நேரம் ரத்தக் கசிவாகத்தான் முதலில் தலைகாட்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் ரிப்போர்ட்டில் 'கிளையோமாவாக இருக்கலாம்' என்று இருந்தது; மூளையின் துணை செல்களில் வரும் கட்டி அது. இரண்டாவது இடத்தில் பார்த்தவர்கள் 'சார்கோமா, வகை தெளிவாகவில்லை' என்றார்கள். சார்கோமா என்றால் எலும்பிலும் தசையிலும் வருவதாயிற்றே, மூளைக்குள் எப்படி? டாக்டர்களுக்கும் முதலில் அந்தச் சந்தேகம்தான். வேறெங்கோ தொடங்கி மூளைக்குப் பரவியதா என்று பார்க்க நெஞ்சு முதல் வயிறு வரை ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தைகளுக்கு நுரையீரலில் வரும் ஒரு அரிய கட்டி மூளைக்குப் பரவக்கூடியதாம். எங்கேயும் எதுவும் இல்லை. அப்படியானால் மூளையிலேயே தொடங்கியது. அதைத்தான் 'பிரைமரி' என்கிறார்கள். இதற்கிடையே எம்ஆர்ஐயில் மிச்சம் தெரிந்ததால் இரண்டாவது அறுவை சிகிச்சையும் முடிந்திருந்தது.

வகையைக் கண்டுபிடிக்க மெத்திலேஷன் பரிசோதனை (கட்டியின் டிஎன்ஏ மேல் இருக்கும் வேதிக் குறிகளைப் பார்ப்பது) வேண்டும், அதற்கு 'ப்ளாக்'கை, அதாவது மெழுகில் பதித்த கட்டித் துண்டை, வேறு லேபுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். நானே வாங்கிக் கொண்டுபோனேன். கட்டைவிரல் அகல பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, நடுவில் பட்டாணி அளவுக்குப் பழுப்பாக ஏதோ. என் பெண்ணின் தலைக்குள் இருந்தது அது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தவர், "வெயில்ல வண்டிக்குள்ள வச்சுட்டுப் போயிடாதீங்க சார், மெழுகு இளகிடும்" என்றார். வழி முழுக்க அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஐந்தாவது வாரம் பெயர் வந்தது: டைசர்1 (DICER1) என்ற மரபணுவில் மாற்றம் கொண்ட முதன்மை மூளை சார்கோமா. உலக சுகாதார நிறுவனத்தின் மூளைக்கட்டி வகைப்பாட்டில் இந்தப் பெயர் 2021 பதிப்பில்தான் இடம்பிடித்தது. அதற்கு முன் இதே நோய் வந்த குழந்தைகளுக்கு என்ன பெயர் எழுதினார்களோ!

மரபணு ஆலோசகரின் முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது. "குடும்பத்துல யாருக்காவது தைராய்டு கட்டி இருந்திருக்கா?" என் மனைவி பேசாமல் கழுத்துத் தழும்பைத் தொட்டுக் காட்டினாள். 19 வயதில் செய்த ஆபரேஷன். அவள் அக்காவுக்கும் அதே ஆபரேஷன் நடந்திருக்கிறது. இந்த மாற்றம் கட்டியில் மட்டும் இருக்கலாம், பிறவியிலேயே உடம்பு முழுக்கவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் இரண்டாவது. அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வர ஐம்பது சதவீத வாய்ப்பு. ஆனால் இந்த மாற்றம் இருக்கிற பலருக்குப் புற்றுநோயே வருவதில்லை. அன்று இரவு அவள் அழுததற்கு என்னிடம் பதில் இல்லை. 2 வயது மகனுக்கும் ரத்தம் எடுத்தோம். அவனுக்கு இல்லை.

சிகிச்சைக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே வழிமுறை என்று ஒன்று கிடையாது. முடிந்தவரை முழுசாக வெட்டி எடுப்பது, அந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு, கூடவே கீமோ. எங்களுக்கு 30 நாளில் 54 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு), பிறகு ஐஃபாஸ்ஃபமைட், கார்போபிளாட்டின், எட்டோபோசைட் என்ற கீமோ மருந்துகள். கதிர்வீச்சுக்கான வலை முகமூடியை இளஞ்சூட்டில் முகத்தில் அழுத்தி வார்ப்பார்கள். தினமும் கழற்றும்போது கன்னத்தில் கட்டம் கட்டமாகத் தடம். "நான் அன்னாசிப்பழம்ப்பா" என்பாள்.

ஐஃபாஸ்ஃபமைட் நாட்களில் தூக்கம் கிடையாது. அந்த மருந்து சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கி ரத்தம் வரவைக்கும். அதைத் தடுக்க மெஸ்னா என்ற மருந்தும் நிறைய சலைனும் ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறை சிறுநீர் போனதும் அளந்து எழுதி, பட்டையை நனைத்து நிறம் பார்க்க வேண்டும். இரவு மூன்று மணிக்கு செல்போன் வெளிச்சத்தில் அந்தச் சின்னக் கட்டம் மஞ்சளா, பச்சையா என்று எத்தனை முறை பார்த்திருப்பேன்! பச்சை என்றால் ரத்தம், நர்ஸைக் கூப்பிட வேண்டும். இரண்டு முறை கூப்பிட்டேன். கார்போபிளாட்டினால் காது பாதிக்கலாம் என்று இடையிடையே கேட்கும் திறனையும் சோதித்தார்கள்.

பிழைக்க எத்தனை சதவீதம் என்று கேட்காத நாளில்லை. ஒருநாள் புற்றுநோய் மருத்துவர் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்: "வெளிவந்திருக்கிறதெல்லாம் சின்னச் சின்னத் தொகுப்பு. ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு மாதிரி வைத்தியம். அதுல வர்ற சதவீதத்தை உங்க பொண்ணு மேல ஒட்ட வச்சா அது எனக்குப் பொய்யாத்தான் படுது. பல வருஷம் நல்லா இருக்கிற பிள்ளைங்க உண்டு. திரும்பி வந்த பிள்ளைங்களும் உண்டு." அன்று கோபம் வந்தது. இப்போது, எனக்குக் கிடைத்ததிலேயே நேர்மையான பதில் அதுதான் என்று படுகிறது.

சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. வலது கையில் எழுத்து கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறது. கணக்கில் கூடுதல் நேரம் கேட்டு வாங்கியிருக்கிறோம். மூளைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ. அது போக நெஞ்சு, சிறுநீரகம், தைராய்டு ஸ்கேன் தனி அட்டவணையில் ஓடுகிறது. அடுத்த எம்ஆர்ஐ வரும் வியாழன். நேற்று இரவு அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தத் தலைக்கூண்டுல கண்ணாடி வைப்பாங்கதானே? வச்சாத்தான் நீ உட்கார்ந்திருக்கிறது தெரியும்."