பழைய அளவைக் கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றியபோது

திருகோணமலையில் தனியார் நில அளவையாளர் ஒருவரிடம் வரைபட வேலை பார்க்கிறேன். அலுவலகத்தின் பழைய கணினி மூச்சு வாங்கத் தொடங்கியதும், அதிலிருந்த வேலைகளைப் புதியதற்கு மாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "வரைபடங்களைப் பென் டிரைவில் போட்டால் முடிந்ததுதானே, தம்பி?" என்றார் சேர். அவ்வளவு எளிதாக முடிந்துவிடவில்லை.

நாங்கள் பாவிப்பது கார்ல்சன் சர்வே என்ற நில அளவை மென்பொருள். அதில் டி.டபிள்யூ.ஜி. கோப்பு வெறும் படம்தான். புள்ளியின் இலக்கம், வடக்கு, கிழக்கு, உயரம், குறிப்பு எல்லாம் சி.ஆர்.டி. என்ற தனி ஆள்கூற்றுக் கோப்பில் இருக்கும். புதிய பதிப்புகளில் அது சி.ஆர்.டி.பி. சோதனைக்காக நிலாவெளிக் காணி ஒன்றின் படத்தை மட்டும் கொண்டுபோய்த் திறந்தோம். எல்லைக்கோடுகள் அப்படியே வந்தன. ஒரு புள்ளியை இலக்கம் சொல்லிக் கேட்டதும், ஆள்கூற்றுக் கோப்பு எங்கே என்று மென்பொருள் நம்மைத் திருப்பிக் கேட்டது. படத்திலுள்ள புள்ளிகளைக் கொண்டு அந்தக் கோப்பை மீளக் கட்டும் கட்டளை உண்டு. ஆனால் கிடைப்பது விடை மட்டும், கணக்கு கிடைக்காது.

கணக்கு இருப்பது, களத்தில் அளந்ததை அப்படியே பதிந்து வைக்கும் ஆர்.டபிள்யூ.5 கோப்பில். நோட்பேடில் திறந்தாலே வாசிக்கலாம். கருவி நின்ற புள்ளி, பின்னோக்கிய புள்ளி, கருவியின் உயரம், அளக்கும் புள்ளியில் பிடிக்கும் பிரிசக் கோலின் உயரம், பிறகு ஒவ்வொரு அளவுக்கும் கோணமும் சாய்தூரமும். கோணம் 90.3333 என்றிருந்தால் தசமம் என்று எண்ணிவிடக் கூடாது. 90 பாகை 33 கலை 33 விகலை என்று பொருள். களத்தில் கோலை உயர்த்திவிட்டு யாரும் பதியாமல் விட்டிருந்தால், இங்கே ஒரு வரியைத் திருத்தி மறுபடி கணிக்கலாம். இந்தக் கோப்பு இல்லையென்றால் மறுபடி வெயிலுக்குத்தான் போக வேண்டும்.

அடுத்த தலையிடி ஆள்கூறுகள், அதாவது புள்ளியின் இடத்தைச் சொல்லும் கிழக்கு, வடக்கு எண்கள். இலங்கையில் இதற்குப் பழையது, புதியது என்று இரண்டு முறைகள். பழைய வேலைகளில் நகரத்துப் புள்ளிகள் கிழக்கு 2,50,000, வடக்கு 3,75,000 அளவில் நின்றன. புதியவற்றில் 5,50,000, 6,75,000. பழைய கண்டவளை முறையில் தொடக்கப் புள்ளிக்கு 2,00,000 மீற்றர் கொடுத்தார்கள், எஸ்.எல்.டி.99 முறையில் 5,00,000. கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம். ஆனால் 3,00,000 கூட்டினால் போதும் என்று நம்பி எல்லைக்கல் நடக் கூடாது. அடிப்படைப் புள்ளிகளின் வலையமைப்பையே புதிதாகக் கணித்திருக்கிறார்கள். இரண்டிலும் அளந்த பொதுப் புள்ளிகளை வைத்துத்தான் பொருத்தினோம். எந்த முறை என்பதைக் கோப்புறையின் பெயரிலேயே எழுதி வைத்தோம், ஏனென்றால் சி.ஆர்.டி. அதைச் சொல்லாது.

ஜி.பி.எஸ். வேலைகள் டிரிம்பிள் பிஸ்னஸ் சென்டர் என்ற இன்னொரு மென்பொருளில் இருந்தன. அங்கே வேலையின் வி.சி.இ. கோப்பும் அதே பெயருள்ள கோப்புறையும் இரட்டையர். ஒன்றை விட்டு மற்றதை நகர்த்தக் கூடாது.

இப்போது ஒரு காணிக்கு ஒரு கோப்புறை, படம், சி.ஆர்.டி., ஆர்.டபிள்யூ.5, காணி உறுதியின் ஸ்கேன் எல்லாம் அதற்குள். மென்பொருளை மூடிய பிறகே பிரதி எடுக்கிறோம். கிண்ணியா, மூதூர் வேலைகள் சிலவற்றுக்கு ஆர்.டபிள்யூ.5 கிடைக்கவில்லை. களக் கருவியின் நினைவகத்தில் மிஞ்சியிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.