வீராவுக்கு இன்னொரு வீரா

கோலகங்சாரிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பாவின் புரோட்டோன் வீரா கார் கொதித்து நின்றது. ரேடியேட்டர் குழாய் வெடித்ததை மழைச் சத்தத்தில் நாங்கள் உணரவில்லை. உணர்ந்தபோது சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தாண்டியிருந்தது. மறுநாள் பட்டறையில் மெக்கானிக் அண்ணன் எண்ணெய்க் கோலை உருவிக் காட்டினார். பால் ஊற்றிய கோப்பியின் நிறம். எஞ்சின் தலைப்பகுதியை அடைத்து நிற்கும் கேஸ்கெட் போய், தண்ணீர் எண்ணெயில் இறங்கிவிட்டது.

அது 1994ஆம் ஆண்டு வீரா, 1.5 லிட்டர் எஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர். பால்மரம் சீவிக் களைத்த கைகளால் அப்பா வாங்கிய முதல் கார். அம்மாவை ஈப்போ மருத்துவமனைக்கு வாராவாரம் சுமந்ததும் அதுதான். விற்றுவிடலாம் என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. வேறு எஞ்சின் வைப்பது என்று முடிவாயிற்று. அந்த எஞ்சின் எங்கிருந்து வரும் என்பதில்தான் இரண்டு மாதம் ஓடியது.

பழைய எஞ்சினைத் திறந்து சீர்செய்யலாம்தான். ஆனால் அது ஏற்கெனவே எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது; தலைப்பகுதியும் வளைந்திருந்தது. அதே வகை எஞ்சினை, பழைய கார்களைப் பிரித்து விற்கும் பொத்தோங் கடையில் வாங்கலாம். ஆனால் அதற்கும் ஏறக்குறைய அதே வயதுதான். என் மனம் 1.8 லிட்டர் எஞ்சின் மீது இருந்தது. அதன் கொள்ளளவு 1834 சிசி என்று அறிந்தபின் கணக்குப் போட்டேன். எங்கள் 1468 சிசி காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 90 ரிங்கிட். 1.8 வைத்தால் 297 ரிங்கிட். ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளியின் காருக்கு அது நியாயமில்லை. 1.6 எஞ்சினோ 1597 சிசி. மூன்று சிசி வித்தியாசத்தில் 1600-க்குள் நிற்கிறது. வரி அதே 90 ரிங்கிட். அப்போதே மனம் அதில் நிலைத்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், எங்கள் காரில் கார்புரேட்டர், 1.6-இல் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன். பழையதில் எஞ்சினோடு ஒட்டிய சிறு பம்ப் பெட்ரோலை மெதுவாக இழுத்துக் கொடுக்கும். புதியதற்குத் தொட்டிக்குள்ளே மின் பம்ப் வேண்டும்; சுமார் 3 பார் அழுத்தம் வேண்டும்; மிஞ்சிய பெட்ரோல் திரும்பி வரத் தனிக் குழாய் வேண்டும். கணினிப் பெட்டி, வயர்க் கட்டு, கியர்பாக்ஸ், டிரைவ்ஷாஃப்ட், மவுண்டிங் எல்லாம் அந்த எஞ்சினோடு சேர்ந்தே வர வேண்டும். பொத்தோங் கடையில் ஹாஃப் கட் விலை 2,600 ரிங்கிட் என்றார்கள். பெயரே சொல்வதுபோல் அது வெட்டிய காரின் முன்பாதி மட்டும்தான். தொட்டியும் பம்பும் வராது, வயர்கள் நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். எல்லாவற்றையும்விட, எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்க முடியாது. அதனால்தான் 1.6 எஞ்சின் உள்ள இன்னொரு பழைய வீராவை முழுக் காராகவே வாங்கும் எண்ணம் வந்தது.

முதலில் பார்த்த கார் ஒரு செம்பனைத் தோட்ட லயத்தின் பின்னால் நின்றது. விலை 900 ரிங்கிட். எஞ்சின் முதல் முறையிலேயே பிடித்தது. நான் மகிழ்ந்துபோய்ப் பணத்தை எடுக்கவிருந்தேன். காரின் பதிவுச் சான்றான கிராண்டை வாங்கி, எஞ்சினில் பொறித்த எண்ணோடு ஒப்பிட்டபோது இரண்டும் வேறு வேறாக இருந்தன. முன்பே யாரோ எஞ்சினை மாற்றிவிட்டு, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே-யில் பதியாமல் விட்டிருக்கிறார்கள். கிராண்டில் இருந்த பெயருக்குரியவரும் காலமாகிவிட்டார். "ஊரில் பாதிக் கார்கள் இப்படித்தான் ஓடுகின்றன, தம்பி" என்றார் உடன் வந்தவர். ஓடலாம். ஆனால் அந்த எண்தான் நாளை அப்பாவின் கிராண்டில் ஏற வேண்டும். எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத எஞ்சினை அப்பாவின் பெயரில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. திரும்பிவிட்டோம்.

இரண்டாவது கார், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடையது. பின்னால் லாரி இடித்து டிக்கி நசுங்கியிருந்தது. கேட்ட விலை 1,700 ரிங்கிட். முதல்நாளே தொலைபேசியில், "ஐயா, நான் வரும்வரை தயவுசெய்து எஞ்சினை முடுக்காதீர்கள்" என்று கேட்டுக்கொண்டேன். சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். போனதும் பானட்டைத் திறந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. முடுக்கியதும் சில நொடிகள் டிக் டிக் என்று தட்டி அடங்கியது. வெள்ளைப் புகையும் இல்லை, நீலப் புகையும் இல்லை. மெக்கானிக் அண்ணன் நான்கு பிளக்குகளையும் கழற்றி, உருளைகளுக்குள் எழும் அழுத்தமான கம்ப்ரஷனைப் பார்த்தார்: 175, 172, 178, 174. உருளைகளுக்கிடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேண்டாம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். பின்பக்கம் இடிபட்டதால் எனக்குத் தொட்டியைப் பற்றித்தான் பயம். சேற்றில் படுத்து அடியில் போய்ப் பார்த்தேன். பின்னிருக்கைக்குக் கீழே தொட்டி ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. கிராண்ட் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றே.

விலையை நான் பேரம் பேசவில்லை. அதற்குப் பதிலாக ஒரு உதவி கேட்டேன். காரை என் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் முதலில் புஸ்பாகோம் என்ற வாகனப் பரிசோதனை நிலையத்தில் தேற வேண்டியிருந்தது. நசுங்கிய கார் தேறாது. ஆகவே ஆசிரியரே ஜேபிஜே-க்கு வந்து பதிவை ரத்து செய்து, அதற்கான தாளையும் விற்பனை ரசீதையும் என்னிடம் தரவேண்டும். முழங்கால் வலியோடு அவர் ஈப்போவுக்கு வந்து, முகப்பில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு.

காரை வைக்க இடம்தான் நான் சரியாக யோசிக்காதது. தாமான் எனும் குடியிருப்பில் உள்ள எங்கள் வீட்டின் முன் ஒரு கார்தான் நிற்கும். தோட்டத்தில் மாமா வீட்டு ரம்புத்தான் மரத்தடியில் விட்டோம். மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிட்டால் சுகாதார இலாகா அபராதம் போடும் என்று மாமா தினமும் டிக்கிப் பள்ளத்தைத் துடைத்தார். முழுக் கார் வாங்க நினைப்பவர்கள் இந்த இடத்தையும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மாமாவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

மாற்றும் வேலை ஒன்பது நாள் பிடித்தது. எஞ்சின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் புதிதாகப் போட்டோம். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதிவிடும். பெல்ட்டில் மிச்சம் பிடிக்கக் கூடாது. வயர்க் கட்டு வெட்டுப்படாமல் முழுதாக வந்ததால், நாங்கள் பயந்த மின்வேலை இரண்டே நாளில் முடிந்தது. நான்கு கதவுகளும் முன்விளக்குகளும் இருக்கைகளும் விற்று 640 ரிங்கிட் திரும்பியது. மீதி உடல் பழைய இரும்புக் கடைக்குப் போனது.

புஸ்பாகோமில் அதிகாரி டார்ச் அடித்து எஞ்சின் எண்ணை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். என் கையில் இருந்த ரத்துத் தாளில் அதே எண் இருந்தது. பிறகு ஜேபிஜே-யில் கிராண்டைத் திருத்தி, காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவித்தோம்.

அன்று மாலை அப்பா ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, சாவியைத் திருப்பும் முன் ஆக்ஸிலேட்டரை இரண்டு முறை மிதித்தார். கார்புரேட்டர் காரில் இத்தனை ஆண்டுகளாக வந்த பழக்கம்.

"இனி மிதிக்க வேண்டாம் அப்பா. சாவியை மட்டும் திருப்புங்கள்."

திருப்பினார். டிக் டிக் என்று தட்டி அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு ஏறச் சொன்னார்.