மாடல் மாறும் நேரத்தில் ஒரு பிக்கப் வாங்கியது

2023 மே மாதம் டொயோட்டா தன் டகோமா பிக்கப்பின் நான்காம் தலைமுறையை அறிமுகப்படுத்தியபோது, நான் மூன்றாம் தலைமுறை டகோமாவை வாங்குவதாக ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் டென்வரில். வார இறுதியில் மலைக்குப் போவது, சிறிய டிரெய்லர் ஒன்றை இழுப்பது, தோட்டத்துக்கு மண்ணும் உரமும் ஏற்றி வருவது, இவ்வளவுதான் எங்கள் தேவை. நடுத்தர அளவு பிக்கப் தாராளமாகப் போதும். எந்த வண்டி என்பதில் எனக்குக் குழப்பமில்லை. எப்போது என்பதுதான் தீராத கேள்வியாக இருந்தது.

பிக்கப் வாங்கப் போகிறேன் என்று சொன்னாலே இங்கே இரண்டு அறிவுரைகள் வந்துவிடும். மாடல் மாறப்போகிறதா, பழைய மாடலின் கடைசி ஆண்டு வண்டியை வாங்கு; தள்ளுபடியும் கிடைக்கும், கோளாறுகளும் தீர்ந்திருக்கும். புதிய மாடலின் முதல் ஆண்டு வண்டியைத் தொடாதே. கேட்பதற்கு இரண்டுமே நியாயமானவைதாம்.

தள்ளுபடியைத் தேடித்தான் முதலில் போனேன். 2023 டகோமாவுக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை. பழைய டகோமாவுக்கு மறுவிற்பனைச் சந்தையில் நல்ல விலை கிடைக்கும் என்பது டீலர்களுக்கு நன்றாகத் தெரியும். வண்டியைத் தள்ளிவிட வேண்டிய அவசரம் அவர்களுக்கு இல்லை. ஒரு டீலரிடம் நிறுவனம் குறித்த ஸ்டிக்கர் விலைக்கு மேல் 'சந்தை நிலவரம்' என்ற பெயரில் ஒரு தொகை சேர்த்திருந்தார்கள். இனி டகோமாவில் ஆறு சிலிண்டர் வி6 எஞ்சின் வராது, அதனால்தான் இந்த விலை என்றார் விற்பனையாளர். ஓய்வு பெறும் நாளில் சம்பள உயர்வு கேட்பதைப் போல இருந்தது. விடைபெறும் மாடலுக்குத் தள்ளுபடி என்பது, விற்காமல் தேங்கி நிற்கும் வண்டிகளுக்குத்தான் பொருந்தும்.

'தீர்ந்துபோன கோளாறு' என்ற நம்பிக்கையும் அடுத்த ஆண்டு ஆட்டம் கண்டது. 2024 தொடக்கத்தில் டொயோட்டா ரீகால் செய்தது, அதாவது கோளாறைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது, புதிய டகோமாவை அல்ல, 2022, 2023 மாடல் டகோமாக்களை. ஏறத்தாழ 3,81,000 வண்டிகள். பின் அச்சின் முனைகளில் வெல்டிங் துணுக்குகள் தங்கியிருந்ததால் நட்டுகள் தளரக்கூடும் என்பது காரணம். எட்டு ஆண்டுகளாகத் தயாரித்துப் பழகிய மாடலின் கடைசி இரண்டு ஆண்டுகள் அவை!

முதல் ஆண்டு வண்டியைத் தொடாதே என்பதை மட்டும் என்னால் அப்படி ஒதுக்க முடியவில்லை. அதே நிறுவனத்தின் பெரிய பிக்கப்பான டண்ட்ரா 2022இல் புதிய வடிவம் பெற்றது. வி8 போய் இரட்டை டர்போ வி6 வந்தது. 2024 மே மாதத்தில் 2022, 2023 மாடல் டண்ட்ராக்களும் டொயோட்டாவின் சொகுசுப் பிரிவான லெக்சஸின் எல்எக்ஸ் வண்டிகளுமாக ஏறத்தாழ 1,02,000 வண்டிகளுக்கு ரீகால் வந்தது. எஞ்சினுக்குள் தயாரிப்பின்போது தங்கிவிட்ட உலோகத் துகள்கள்தான் பிரச்சினை. அந்தச் செய்தியைப் படித்தபோது, அவசரப்படாமல் இருந்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இத்தனைக்கும் நடுவே புதிய டகோமாவை நான் கைவிடாததற்குக் காரணம் எங்கள் ஊரின் உயரம். டென்வர் கடல்மட்டத்திலிருந்து 5,280 அடி. ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஐசனோவர் சுரங்கப்பாதை 11,000 அடியைத் தாண்டிவிடும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ மூன்று விழுக்காடு சக்தியை இழக்கும். சுரங்கத்தை எட்டும்போது மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். காகிதத்தில் பழைய 3.5 லிட்டர் வி6க்கும் புதிய 2.4 லிட்டர் டர்போவுக்கும் ஒரே 278 குதிரைத்திறன்தான். மெல்லிய காற்றையும் அழுத்தி உள்ளே அனுப்புவதால் டர்போ அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடுகிறது. முறுக்குவிசையும் 265 பவுண்டு-அடியிலிருந்து 317 ஆகியிருக்கிறது. அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 1,700 சுற்றுகள் சுழலும்போதே கிடைக்கிறது. ஏற்றத்தில் பழைய வண்டியின் ஆறு கியர்ப் பெட்டி எந்த கியரில் நிற்பது என்று தெரியாமல் மேலும் கீழும் மாறிக்கொண்டிருந்ததை டெஸ்ட் டிரைவிலேயே கவனித்திருந்தேன். புதியதில் எட்டு கியர். ஏற்றத்தில் அந்தத் தவிப்பு இல்லை. பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக் போய் டிஸ்க் வந்ததும், கால் நீட்டி உட்கார வேண்டிய அந்தப் பழைய இருக்கை மாறியதும் கூடுதல் லாபம்.

மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் டகோமா வேண்டாம் என்பது எளிதில் முடிவாயிற்று. விலை அதிகம், பேட்டரியோ பின் இருக்கைக்கு அடியில் உள்ள இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

2025 மாடல்கள் வந்து இறங்கிய பிறகுதான் நான் தேடிய தள்ளுபடி கண்ணில் பட்டது. விற்காமல் நின்ற 2024 வண்டிகளுக்கு அது கிடைத்தது. அவற்றிலும் எல்லாம் ஒன்றல்ல. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைச் சொல்லும்: 2024க்கு 'ஆர்', 2025க்கு 'எஸ்'. உற்பத்தி தொடங்கிய சூட்டில் வந்தவற்றை விட்டுவிட்டு, 2024 கோடையின் முடிவில் தயாரானவற்றை மட்டும் பார்த்தேன். விற்கும்போது ஓராண்டு பழையதாகத்தானே கணக்கிடுவார்கள் என்று நான் தயங்கியபோது, "இப்போதிருக்கும் காரையே எத்தனை வருடமாக வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார் மனைவி. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

2025 மார்ச் 26 அன்று அமெரிக்காவில் இறக்குமதி வாகனங்களுக்கு 25 விழுக்காடு வரி அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 3 முதல் அமல். 1964 முதலே வெளிநாட்டுச் சிறு டிரக்குகளுக்கு இதே 25 விழுக்காடு 'கோழி வரி' உண்டு. ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக வந்து, கோழிச் சண்டை ஓய்ந்த பிறகும் நிலைத்துவிட்ட வரி அது. வர்த்தக ஒப்பந்தத்தால் மெக்சிகோவுக்கு அதிலிருந்து விலக்கு. டகோமாவும் அங்கேதான் தயாராகிறது. புதிய வரி அந்த விலக்கின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. அடுத்த வாரம் வந்தால் இந்த விலை இருக்காது என்றார் விற்பனையாளர். இந்த வண்டி எல்லை தாண்டி வந்து பல மாதம் ஆகிறதே, இதற்கு எந்த வரி என்று கேட்டேன். சிரித்துவிட்டு மேலாளரைப் பார்க்கப் போனார். ஸ்டிக்கர் விலைக்குக் கீழேதான் கையெழுத்தானது. அதற்கு முன் அரசின் சாலைப் பாதுகாப்பு நிறுவனத் தளத்தில் வின் எண்ணைத் தேடி, நிலுவையில் ரீகால் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். நான்கு சக்கர இயக்கம் கொண்ட 2024, 2025 டகோமாக்கள் சிலவற்றுக்கு அந்த ஆண்டுத் தொடக்கத்தில் பின் பிரேக் குழாய் தொடர்பாக ஒரு ரீகால் இருந்தது.

ஹூஸ்டனில் இருக்கும் மைத்துனர் இப்போது அதே கேள்வியோடு பேசினார். நான் புதியதை வாங்கச் சொல்லவில்லை. அவர் ஊர் ஏறக்குறைய கடல்மட்டம். அங்கே வி6 எதையும் இழக்காது. குறைவாக ஓடிய 2023 வண்டி கிடைத்தால் எடுக்கலாம், அந்தப் பின் அச்சு வேலை முடிந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.